எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன்

தர்ஷினி,

உன் இரண்டு பெட்டிகளும் கூடத்தில் திறந்தபடியே கிடக்கின்றன. நீ குளிக்கப் போகும்போதெல்லாம் அம்மா வந்து இன்னொரு பொட்டலம் சாம்பார்த் தூளை உன் துணிகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறாள். வியாழக்கிழமை நீ ஜப்பானுக்குக் கிளம்புகிறாய். பத்து மாதப் பயிற்சி. பல நாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த பெண் நடுவர்களில் இங்கிருந்து போகிறவள் நீ. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கேட்காதே. முட்டை வாங்கப் போன இடத்தில், ஒன்றும் கேட்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சீனக் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் தலையைத் தூக்கி, "வாஹ், பாகுஸ் லா அங்கிள், நல்லது" என்று கட்டைவிரலைக் காட்டினார். வீடு வரைக்கும் அந்தக் கட்டைவிரலை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. அதை வெட்டி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியது நான்தான். ஒட்டிவிட்டு மறுபடி படித்தபோதுதான் அந்த இடம் என் கண்ணில் சரியாகப் பட்டது. "எனக்குக் காற்பந்தைக் காட்டியது அப்பாதான். என் முதல் கிள்ளான் – பிரிக்பீல்ட்ஸ் ஆட்டத்துக்கு முட்டிவலியால் அவரால் வர முடியவில்லை. வீட்டிலிருந்தே எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார்" என்று நீ சொல்லியிருக்கிறாய். அச்சில் வந்துவிட்டது. உன் வாயால் ஒரு பொய் ஊருக்கெல்லாம் போய்விட்டது, அது பொய் என்று உனக்கே தெரியாமல். நான் அன்று வீட்டில் இல்லை. என் முட்டியிலும் வலி இல்லை. உன்னை நேரில் உட்கார வைத்துச் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். விமானத்தில் படி. அங்கே நீ எழுந்து போக முடியாது.

இந்த இரண்டு அணிகளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்கு அது என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் நான் செய்தது உனக்குப் புரியும். கிள்ளான் அணியை உண்டாக்கியவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். பிரிக்பீல்ட்ஸ் அணியை உண்டாக்கியவர்கள் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். எங்களுக்கு மஞ்சள், அவர்களுக்கு நீலம். நடுவில் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். வடக்கேயிருந்து ஏதோ ஓர் அணி வந்து எங்களை நான்கு கோல் வித்தியாசத்தில் அடித்துவிட்டுப் போனாலும் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கும். பிரிக்பீல்ட்ஸிடம் ஒரு கோலில் தோற்றால் இறங்காது. ஏனென்றால் அவர்கள் வேற்று ஆட்கள் இல்லை. நாங்கள் போகிற கல்யாணத்துக்குத்தான் அவர்களும் வருவார்கள், நாங்கள் காவடி எடுக்கிற இடத்தில்தான் அவர்களும் எடுப்பார்கள். எங்கேயோ இருக்கிறவனிடம் தோற்பது வேறு, திங்கட்கிழமை காலையில் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் டீயைக் குடித்துக்கொண்டே சிரிக்கப் போகிறவனிடம் தோற்பது வேறு.

எனக்கு அந்த ஆள் உன் மாமா. நான் பெண் பார்க்கப் போன அன்றே ஆரம்பித்தது. உன் அம்மா வீட்டில் எல்லாரும் என் வேலையைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மாமா மட்டும் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"நீங்க எந்த டீம்?"

"கிள்ளான்," என்றேன்.

அவர் தன் அப்பா பக்கம் திரும்பி, "வேற மாப்பிள்ள பார்க்கலாமா ப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே இருந்து உன் அம்மாவின் குரல் வந்தது: "டீமை அப்புறம் பேசிக்கலாம், காப்பி ஆறுது." அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் சரி என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தது அப்புறம்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தோற்ற அணிக்காரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு வர வேண்டும். முழுச் சாப்பாடும் முடியும் வரை கழற்றக் கூடாது. நீலச் சட்டையோடு நான் ரசம் குடித்த நாட்களை நீ பார்த்திருக்கிறாய். சிரித்திருக்கிறாய். உன் மாமா மஞ்சள் சட்டையில் வந்த நாட்களில் நான் வேண்டுமென்றே இரண்டாவது தடவை பாயசம் கேட்பேன், நேரத்தை இழுக்க.

நீ நடக்கத் தெரிந்ததிலிருந்து உன்னைத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் தோளில் உட்கார்ந்து, என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைவிட ஆட்களைத்தான் நீ அதிகம் பார்ப்பாய். உனக்கு ஐந்து வயதில் நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு ஃபிரீ கிக் கொடுத்தார். பார்வையாளர் மேடை முழுக்க "ரெஃப்ரி காயு! ரெஃப்ரி காயு!" என்று கத்தியது. நீ குனிந்து என் காதில் கேட்டாய்.

"காயுன்னா மரக்கட்டைதானே ப்பா? அவரை ஏன் கட்டைன்னு சொல்றாங்க?"

"அவருக்கு மூளை இல்ல, அதான். நீயும் சொல்லு."

"அவர் பாவம் இல்லியா?"

"ரெஃப்ரின்னா ஏச்சு வாங்கத்தான் வராங்க மா. அதுதான் அவங்க வேலை."

நீ சொல்லிப் பார்த்தாய். சின்னக் குரல். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா? என் பெண்ணுக்கு நான் கொடுத்த முதல் பாடம் அது என்று இன்றைக்கு எழுதும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினைந்து வயது. பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடினாய். மாநிலப் பெண்கள் அணித் தேர்வுக்கு உன்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. அதை நீ என்னிடம் இரண்டு கையாலும் நீட்டினாய். நான் படித்துவிட்டு, "பரீட்சை வருது, இப்ப வேணாம்" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. உன் காலணிகளைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தாய். பரீட்சை காரணமே இல்லை, தர்ஷினி. அந்த வாரம் துறைமுகக் கேன்டீனில் ஒருவன், "உன் மக அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடுறா போல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மேசையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். ஐம்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். காற்று அடித்தால் பெட்டி ஆடும், எனக்குக் கை ஆடாது. அந்த நான்கு பேர் சிரிப்புக்குப் பயந்துவிட்டேன். அவனைத் தட்டிக் கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து உன்னைத் தடுத்தேன்.

உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உன் மாமா விஷயம் கேள்விப்பட்டு ரயில் ஏறி வந்தார். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மச்சான், முப்பது வயசுக்காரனுங்க ஓடுறத வருஷம் பூராவும் பார்க்கறீங்க. சொந்த மக ஓடினா மட்டும் உங்களுக்கு வலிக்குதா?"

"உங்களுக்கு மக இல்ல. உங்களுக்குப் புரியாது."

"நீங்க கிள்ளான்காரன்னு தெரியும். இவ்வளவு மட்டமானவர்னு இன்னைக்குத்தான் தெரியும்." உள்ளே வராமலேயே போய்விட்டார். அந்த வருடத்து ஒப்பந்தச் சாப்பாடு நடக்கவில்லை. ஏன் என்று நீ கேட்டபோது கடை மூடியிருக்கிறது என்று சொன்னோம்.

பிறகு நீ கல்லூரிக்குப் போனாய். ஒரு நாள் துவைக்கப் போட்ட உன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு விசில் விழுந்தது. அம்மா அதை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தாள். உன்னைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. நீ வீட்டில் யாரிடமும் கேட்காமல் நடுவர் பயிற்சிக்குப் பேர் கொடுத்து, பூச்சோங்கிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் தொழிற்சாலை அணிகளின் ஆட்டங்களுக்கு ஆறு மாதமாக விசில் ஊதிக்கொண்டிருந்தாய். மாமாதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆட விடாதவனிடம் அனுமதி கேட்க உனக்குத் தோன்றவில்லை. சரிதான். நான் உன்னிடம், "ஏன் இந்த வேலை, எல்லாரும் ஏசுவாங்களே?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "பந்துக்குப் பக்கத்துல இருக்கலாம் ப்பா." அந்தப் பதிலை நான் பல வருடம் என் மண்டைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

படிப்படியாக மேலே வந்தாய். மழையில் சேறாகித் திரும்பி வருவாய். விதிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சப்பாத்தியைப் பிய்ப்பாய். விடிவதற்கு முன் எழுந்து நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள சாலையில் ஓடுவாய். பிறகு அந்த நாள் வந்தது. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடக்கும் ஆட்டத்துக்கு முதல் முறையாக ஒரு பெண் நடுவர், அது நீ. நீ பிறந்தது கிள்ளான் என்று காற்பந்துச் சங்கத்தில் நீயே போய்ச் சொன்னாய். அம்மா பிரிக்பீல்ட்ஸ் என்றும் சொன்னாய். அவர்கள் சிரித்துக்கொண்டே, "அப்ப ரெண்டு பக்கமும் உன்னை ஏசும், சரியா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் நீ என்னிடம் வந்தாய். "அப்பா, நாளைக்கு வந்தா நடு மேடையில உட்காருங்க. மஞ்சள் வேணாம், ப்ளீஸ்." சரியான கோரிக்கை. ஒரு நடுவருடைய அப்பாவிடம் வேறு என்ன கேட்க முடியும்? எனக்கோ கோபம் வந்துவிட்டது. முப்பது வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போகச் சொல்கிறாளே என்று. "முட்டி வலிக்குது, நான் வரல" என்றேன். நீ நம்பிவிட்டாய். உன் முகம் வாடியதைப் பார்த்தும் நான் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் நீ மதியமே கிளம்பிவிட்டாய். அம்மா மாமாவோடு போய்விட்டாள். வீட்டில் தனியாகக் கால் மணி நேரம்கூட என்னால் உட்கார முடியவில்லை. மஞ்சள் சட்டையைப் போட்டேன். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். வழக்கமான இடத்துக்குப் போகாமல், கோல் கம்பத்துக்குப் பின்னால், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நீ களத்துக்குள் வந்தாய். இரண்டு அணித் தலைவர்களும் உன்னைவிட ஒரு முழம் உயரம். நீ நாணயத்தைச் சுண்டினாய், அவர்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதல் பாதி முழுக்க நான் பந்தைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். நீ ஓடுவதில் ஓர் அழகு இருக்கிறது. பந்து எங்கே போகப் போகிறது என்று அதற்கு முன்னால் உனக்குத் தெரிகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆட்டக்காரர்கள் உன்னிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒருவன், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், "பரவால்ல லா, இந்த ரெஃப்ரி" என்றான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடம். அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. எங்கள் தடுப்பு ஆட்டக்காரன் குதித்தான், அவன் கை தலைக்கு மேலே போனது, பந்து அந்தக் கையில் பட்டுத் திசை மாறியது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் இருபது அடி. நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். நீ விசில் ஊதிப் பெனால்டி இடத்தைக் கை காட்டினாய்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "காயு!"

யாரோ கத்த, நானும் சேர்ந்து கத்தியது இல்லை, தர்ஷினி. என் வரிசையில் முதலில் வந்த குரல் என்னுடையது. முப்பது வருடப் பழக்கம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது என்பது உண்மைதான். ஆனால் கண் பார்த்ததை வாய் மறைத்தது என்பதும் உண்மை. அதற்குள் மேடை முழுக்கப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் முன்னால் உன்னைப் பாராட்டியவன், "பொம்பளைய உள்ள விட்டா இப்படித்தான். வீட்ல சோறாக்கத் தெரியுமோ என்னவோ" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்னால் எழுத முடியாததையும் சொன்னான். சொல்லிவிட்டு, "என்ன அங்கிள்?" என்று என் தோளைத் தட்டினான். நான் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன். கத்தியதைவிட அந்தத் தலையாட்டலுக்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து உன் காலடியில் விழுந்தது. நீ அதை எடுத்தாய், அவசரப்படாமல் நடந்து போய்க் கோட்டுக்கு வெளியே இருந்த அதிகாரியிடம் கொடுத்தாய், அதே நடையில் திரும்பி வந்தாய். அவர்கள் கோல் அடித்தார்கள். நான் முடிவுவரை நிற்கவில்லை. வாசல் வழியாக வெளியே வந்து, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? மஞ்சள் சட்டையை அழுக்குக் கூடையின் அடியில் போட்டுவிட்டு, தைலப் புட்டியை எடுத்து முட்டி முழுக்கத் தடவினேன். வீடெல்லாம் வாசனை வர வேண்டும் என்று. ஏழு மணிக்கு நீ வந்தாய். கன்னமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, குளிக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் என் முன்னால் தரையில் உட்கார்ந்தாய்.

"இன்னும் வலிக்குதா ப்பா?"

"கொஞ்சம்."

நீ தைலத்தைக் கையில் ஊற்றி என் முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாய். தொண்ணூறு நிமிடம் ஓடிய பெண், ஆயிரம் பேரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், வலியே இல்லாத என் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாய்: "கைல பட்டுச்சு ப்பா. நான் பார்த்தேன். நான் சரியாத்தான் குடுத்தேன்ல?"

நான் "எனக்கு எப்படித் தெரியும் மா, நான் பார்க்கலியே" என்றேன்.

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது எழுதுகிறேன்: கையில்தான் பட்டது. நீ கொடுத்தது சரி. நான் இருபது அடி தூரத்தில் இருந்தேன்.

இந்த விஷயம் தெரிந்த இன்னொருவர் உண்டு. அன்று ராத்திரி உன் மாமா கூப்பிட்டார். ஜெயித்த ஆளுடைய குரலாக இல்லை. "மச்சான், கோல் போஸ்டுக்குப் பின்னால உங்களப் பார்த்தேன்" என்றார். "புள்ள கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நீலச் சட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் என்னை ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதைவிட அவர் இரண்டு மணி நேரம் கிண்டல் செய்திருக்கலாம். இரண்டு வருடமாக அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீலமோ மஞ்சளோ, அவர் நல்ல மனிதர். அவரிடம் நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. நீ சொல்லிவிடாதே, தலைக்கேறிவிடும்.

அடுத்த வருட ஆட்டம் பிரிக்பீல்ட்ஸ் அணியின் திடலில் நடந்தது. அதற்கும் நீதான் நடுவர். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததை நீ பார்த்தாய். ஆனால் நடு மேடையில் நான் உட்காரவில்லை. வந்திருந்த கிள்ளான்காரர்களுக்கு நடுவில்தான் போய் உட்கார்ந்தேன். போன தடவை எங்கே தவறினேனோ அங்கே உட்கார வேண்டும் என்று தோன்றியது. அறுபதாவது நிமிடம்போல எங்கள் ஆள் ஒரு கோல் அடித்தான். நீ நடுக்கோட்டைக் காட்டினாய். கோல். எங்கள் பக்கம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். அப்போது உன் உதவி நடுவர் ஓரத்தில் கொடியை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். நீ அதைக் கவனித்தாய். அவரிடம் போனாய். இரண்டு பேரும் பேசினீர்கள். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகுதான் அதை உள்ளே அடித்திருக்கிறார்கள். நீ திரும்பி வந்து, கோல் இல்லை என்று கை காட்டினாய்.

உனக்கு எதிரே எங்கள் அணி முழுவதும் நின்றது. உனக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குரல்கள். நீ சொன்னதை நீயே மாற்றினாய். நான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு திடல் நிறைய ஆட்களுக்கு முன்னால் ஒத்துக்கொண்டாய், முகம் சுருங்காமல். எனக்கு அறுபது வயது அப்போது. வீட்டில் நான்கு சுவருக்குள் இரண்டு பேர் முன்னால்கூட நான் அதைச் செய்ததில்லை. உனக்குப் பதினைந்து வயதில் நான் கொடுத்த தீர்ப்பு தப்பு என்று அடுத்த வாரமே எனக்குத் தெரியும். மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

என் முன் வரிசையில் ஓர் ஆள் எழுந்து உன்னைப் பற்றி ஆரம்பித்தான். போன வருடம் கேட்ட அதே மாதிரிப் பேச்சு. நான் அவன் தோளைத் தொட்டேன்.

"தம்பி, அது என் மக."

"சும்மா வெளையாடாதீங்க அங்கிள்."

"என் மகதான். பந்து வெளிய போச்சு. நீயும் பார்த்த, நானும் பார்த்தேன். அவளை ஏசணும்னா என்னைப் பார்த்து ஏசு."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "சாரி அங்கிள்" என்று உட்கார்ந்துவிட்டான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். எங்கள் கோலை எடுத்துவிட்டதற்காகக் கிள்ளான் மேடையில் கைதட்டியவன் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசைக்காரன் திரும்பி, தன் கச்சான் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். "உங்க மக நல்லா ஓடுறாங்க அங்கிள்," என்றான். இரண்டு பேரும் ஆட்டம் முடியும் வரை அதைத் தின்றுகொண்டிருந்தோம். எந்த மஞ்சள் வெற்றியும் எனக்கு அந்த மாலையைப் போல இனித்ததில்லை. அன்று நாங்கள் தோற்றோம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

இனிமேல் உனக்கு மொழி தெரியாத ஊர்களில் உன்னை ஏசுவார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாதது ஒரு வசதிதான். ஆனால் அவர்களில் பாதிப் பேர் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கத்துகிறார்கள் என்பதை மனதில் வை. அவர்கள் குருடர்கள் இல்லை, கெட்டவர்களும் இல்லை. ஒரு நிறத்தைக் கொஞ்சம் அதிகமாக நேசித்துவிட்டவர்கள். அதற்காக அவர்களைச் சீக்கிரம் மன்னித்துவிடவும் வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பத்து மாதம் எடுத்துக்கொள். ஒருநாள் யாரையாவது கல்யாணம் செய்துகொள்வாய் என்றால், அவன் எந்த அணி என்று மாமா கேட்கட்டும். நீ வேறொன்றைப் பார். அவன் சொன்னதை அவனே மாற்றிச் சொல்லத் தெரிந்தவனா என்று பார்.

இன்னும் ஒரு பொய் பாக்கி இருக்கிறது. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சந்தைக்குப் போவதில்லை. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஓர் ஆசிரியை பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஓர் அணி வைத்திருக்கிறார். பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு வர வேன் ஓட்ட ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். பதினோரு பிள்ளைகள், வேனுக்குள் ஒரே கூச்சல். சில அப்பாக்கள் வாசலில் நின்று யோசிப்பார்கள். நான் இறங்கிப் போய்ப் பேசுவேன். என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் நட்பு ஆட்டம் ஒன்று. கோட்டுக்கு ஓரத்தில் கொடி பிடிக்க ஆள் வரவில்லை. ஆசிரியை கொடியை என் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் அணிக்காரி ஒருத்தி, துளசி என்று பெயர், புயல் மாதிரி ஓடுவாள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தனியாகப் போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினாள். அந்தப் பிள்ளைகளின் முதல் வெற்றியாக இருந்திருக்கும். ஆனால் பந்து கிளம்பும்போது எதிரணித் தடுப்பு ஆட்டக்காரிகளைத் தாண்டி அவள் ஓரடி முன்னால் நின்றதை நான் பார்த்தேன். கொடியைத் தூக்கினேன். கோல் இல்லை. அவளுடைய அப்பா வேலிக்கு வெளியிலிருந்து, "அங்கிள், நீங்க எங்க வேன்தான ஓட்டுறீங்க? கண்ணாடி மாத்துங்க!" என்று கடைசிவரை கத்திக்கொண்டே இருந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது.

திரும்பி வரும்போது வேனில் ஒரு சத்தம் இல்லை. பதினோரு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், ஒருத்தியும் பை சொல்லவில்லை. துளசிதான் கடைசி. அவள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். இறங்கினாள், கதவைச் சாத்தினாள், நான்கு அடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து என் ஜன்னல் பக்கம் நின்று, அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஆஃப்சைடுதான் அங்கிள். எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் வேனை உடனே கிளப்பவில்லை. நீ திரும்பி வந்ததும் அவளை உனக்குக் காட்ட வேண்டும்.

அப்பா